ஒல்லியான பையனுக்கு ஏன் இனிப்புநீர்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, ஒல்லியான உடம்பு. போன வருடம் இனிப்புநீர் என்று சொல்லி இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். கணவருக்கு 24 வயதிலேயே வந்தது, மாமியாருக்கும் இளவயதில்தான். இப்போது டாக்டர் எச்என்எஃப்1ஏ என்ற ஜீனைச் சோதிக்கச் சொல்கிறார். தினமும் தே தாரேக் குடிக்க விட்டதால்தான் வந்தது என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். நான்தான் காரணமா? அவன் தங்கைக்கும் வருமா? – ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். பாட்டி, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக, அதுவும் சின்ன வயதிலேயே வருகிறது என்றால் டாக்டர் சந்தேகப்படுவது நியாயம்தான்.

எச்என்எஃப்1ஏ 12ஆவது குரோமோசோமில் இருக்கும் ஜீன். அது உண்டாக்கும் புரதம் இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு, பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற மாதிரி, மற்ற ஜீன்களை வேலை செய்ய வைக்கிறது. அதில் பழுது இருந்தால் கணையத்தில் இன்சுலின் சுரப்பது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். 1996இல்தான் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். தே தாரேக் குடித்து அந்த ஜீன் கெடாது. ஆனாலும் சர்க்கரை ஏறிவிட்ட பிறகு கோசோங்காகக் குடிப்பதே நல்லது, கண்ணும் சிறுநீரகமும் இதிலும் கெடும்.

சோதனை வீண்செலவு என்று மட்டும் நினைக்காதீர்கள், மருந்தே மாறலாம். இந்த வகைக்காரர்களில் நிறைய பேருக்கு கிளிக்லசைட் போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை குறைந்த அளவிலேயே நன்றாகக் கேட்கிறது. பழுதைத் தாண்டி, கணைய செல்லில் இருக்கிற இன்சுலினை அது நேராக வெளியே தள்ளிவிடும். ஊசியே வேண்டாம் என்று ஆனவர்களும் உண்டு. அதற்காக டாக்டர் சொல்லாமல் நீங்களாக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. மாத்திரை அளவு கூடிப்போனாலும் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

சரி, தங்கை. அப்பாவிடம் அந்தப் பழுது இருந்தால் அவளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதற்கும் இந்தப் புரதம் உதவுவதால், இரத்தத்தில் ஏறுவதற்கு முன்பே சிறுநீரில் சர்க்கரை தெரியலாம். அவளுக்கு அப்படி எப்போதாவது தெரிந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மகனின் முடிவு முதலில் வரட்டும். பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.