கேள்வி பதில்: தெற்கு இத்தாலியின் சிவப்பு வைன்

கேள்வி: அத்தான் பல வருடமாகப் பலெர்மோவில் இருக்கிறார். போன மாதம் ஊருக்கு வந்தபோது மூன்று போத்தல் சிவப்பு வைன் கொண்டு வந்தார். ஒன்று நேரோ தாவோலா, ஒன்று எட்னா ரோஸ்ஸோ, மற்றது பிரிமித்திவோ. நாங்கள் நாலு பேர், சாராயமும் கள்ளும்தான் பழக்கம். எதை முதலில் திறப்பது, எப்படிச் சுவைப்பது? (கல்லடி வாசகர்)

பதில்: மூன்றையும் ஒரே மாலையில் திறவுங்கள், ஆனால் முடித்தாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு கிளாசுக்கு இரண்டு விரல் அளவு போதும். மிச்சத்தைத் தக்கை போட்டு பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒன்றை மட்டும் குடித்தால் "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் சொல்ல வராது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நாக்குக்கு வித்தியாசம் பிடிபடும்.

முதலில் எட்னா. நெரெல்லோ மஸ்காலேசே என்ற திராட்சைதான் அதில் பெரும்பங்கு, சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவில் கறுப்பு மண்ணில் விளைவது, சில தோட்டங்கள் 1,000 மீற்றர் உயரத்தில்கூட இருக்கின்றன. சிசிலி வெயில் ஊர்தான், ஆனால் அந்த உயரத்தில் இரவு குளிர்ந்துவிடும், அதனால் பழத்தில் புளிப்பு தங்கிவிடுகிறது. கிளாசை ஒரு வெள்ளை வேட்டிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரியும். நிறத்திலும் வாயிலும் எனக்குத் தேசிக்காய் விட்ட பிளேன்டிதான் நினைவுக்கு வரும்.

அடுத்தது நேரோ தாவோலா. சிசிலியின் தென்கிழக்கில் உள்ள அவோலா என்ற ஊரின் பெயரைக் கொண்டது, அவோலாவின் கறுப்பு என்று அர்த்தம். இதற்கு நம் நாவற்பழத்தை விட நல்ல ஒப்புமை கிடையாது. பழுத்த வாசனை, கொஞ்சம் புளிப்பு, கடைசியில் நாக்கில் ஒட்டும் துவர்ப்பு.

பிரிமித்திவோ கடைசியில்தான். இது சிசிலி இல்லை, இத்தாலியின் குதிகால் பக்கத்துப் பூலியா மாநிலம், மந்தூரியா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. சீக்கிரம் பழுப்பதால்தான் இந்தப் பெயர். கலிபோர்னியாவில் ஜின்ஃபண்டல் என்று விற்பதும் இதே திராட்சைதான், மரபணுச் சோதனையில் உறுதியான விஷயம், மூலம் குரோவேசியாவில் இருக்கிறது. நன்றாகப் பழுத்து இனிப்பு ஏறிய பிறகு பறிப்பதால் மதுச்சத்து 14 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம், வாயில் பாலைப்பழம் மாதிரி கொழகொழவென்று இனிப்பாக இறங்கும். இதை முதலில் குடித்துவிட்டு எட்னாவைக் குடித்தால் எட்னா தண்ணீர் போல இருக்கும், பாவம் அந்த வைன்.

சரி, சுவைக்கும் முறை. கிளாசைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு மணந்து பாருங்கள். பிறகு ஒரு மிடறு எடுத்து உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் பரவ விடுங்கள், விழுங்கிய பிறகு நாக்கால் முரசைத் தடவுங்கள். அங்கே வறண்டு பிடிக்கிறதே, அதுதான் துவர்ப்பு. வெளிநாட்டுக்காரருக்கு இதை விளக்கப் பாடுபட வேண்டும், பச்சைப் பாக்கு மென்ற நமக்கு ஒரு சொல்லில் விளங்கிவிடும். சாராயம் போல ஒரே மடக்கில் இறக்கினால் இது எதுவுமே தெரியாது.

கேள்வி: சிவப்பு வைனை அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டும் என்கிறார்கள். பிரிட்ஜில் வைத்தால் கெடுமா? (காரைதீவு வாசகி)

பதில்: கெடாது, தாராளமாக வையுங்கள். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. சிவப்பு வைனுக்கு 16 முதல் 18 பாகை வரை நல்லது, நம் வீடுகளில் மத்தியானம் 30ஐத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் ஊற்றினால் மதுநெடி மட்டும் மூக்கில் அடிக்கும். குடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முந்தி பிரிட்ஜில் வையுங்கள், எட்னா போன்ற மெல்லியது என்றால் இன்னும் கொஞ்ச நேரம்.

சேமித்து வைப்பதில்தான் உண்மையான ஆபத்து. நல்ல பிரிமித்திவோ ஒன்றை விசேஷத்துக்கென்று அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன், மேலே தகரக் கூரை. சித்திரை தொடங்கி ஆவணி வரை அங்கேயே நின்றது. எடுத்துப் பார்த்தால் தக்கை வாயை விட்டு ஒரு நகக்கண் அளவு வெளியே தள்ளி நிற்கிறது, போத்தல் கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு. ஊற்றினால் ஓரம் மண்ணிறம், அடிப்பிடித்த ஜாம் வாசனை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிலத்தோடு ஒட்டிய இருட்டு மூலையில் வையுங்கள், நீண்ட நாள் வைப்பதென்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டே மேல்.

கேள்வி: பூசையில் பாவிக்கும் திராட்சை ரசமும் இதே வைன்தானா? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அது திராட்சையில் இயற்கையாக உண்டான, பழுதாகாத வைனாக இருக்க வேண்டும். ஆக, இனம் ஒன்றுதான். பெரும்பாலும் இனிப்பு வகையைப் பாவிப்பதால் சுவை வேறாகத் தெரியும்.

கேள்வி: வாவி நண்டுக் கறியோடு எது சேரும்? (களுவாஞ்சிக்குடி வாசகர்)

பதில்: துவர்ப்புக் கூடிய எதுவும் சேராது. கடலுணவோடு அது வாயில் இரும்பு நக்கியது போல ஒரு சுவையைக் கொண்டு வரும், மதுச்சத்துக் கூடினால் மிளகாய் இன்னும் எரியும். சிசிலியின் விட்டோரியாப் பக்கம் ஃப்ரப்பாத்தோ என்று ஒரு மெல்லிய திராட்சை இருக்கிறது, அதை நன்றாகக் குளிர வைத்துக் குடித்துப் பாருங்கள். உறைப்பைக் கொஞ்சம் குறைத்துத் தேங்காய்ப் பால் கூட விட்டால் இன்னும் பொருந்தும். பிரிமித்திவோவை ஆட்டிறைச்சிக்கு வைத்திருங்கள்.

கேள்வி: மகன் நாப்போலியிலிருந்து தவுராசி என்ற வைன் அனுப்பினான், விலை கூடியதாம். திறந்து ஒரு மிடறு குடித்ததும் வாயெல்லாம் சுருங்கிப் போயிற்று. கெட்டதை அனுப்பிவிட்டானா? (ஆரையம்பதி வாசகர்)

பதில்: இல்லை ஐயா, மகன் நல்லதைத்தான் பார்த்து அனுப்பியிருக்கிறார். தவுராசி, நாப்போலிக்குக் கிழக்கே மலைப்பக்கத்து அவெல்லினோ மாவட்டத்து வைன். ஆல்யானிக்கோ என்ற திராட்சை. பூலியாவில் பிரிமித்திவோவைப் பறித்து முடித்த பிறகும் இது கொடியிலேயே கிடக்கும், ஒக்டோபர் கடைசி, சில வருடம் நவம்பர் வரை. தோல் தடிப்பு, புளிப்பும் அதிகம், அதனால் இளமையில் முரட்டுத்தனமாக இருக்கும். குறைந்தது மூன்று வருடம் முதிர வைத்த பிறகுதான் விற்கலாம் என்பது சட்டம், ரிசேர்வா என்று போட்டிருந்தால் நாலு. 1993இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரப்பிரிவு இதற்குக் கிடைத்தது. தெற்கு இத்தாலியில் ஒன்றே ஒன்றைத்தான் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வெறும் வயிற்றில், திறந்த கையோடு குடித்ததுதான் பிழை. மிச்சம் இருந்தால் ஒரு கண்ணாடி ஜக்கில் ஊற்றி இரண்டு மணி நேரம் குளிரான இடத்தில் விடுங்கள். கொழுப்போடு கூடிய ஆட்டிறைச்சியை உறைப்பில்லாமல், மிளகு மட்டும் போட்டுப் பிரட்டி, ஒரு துண்டு மென்றுவிட்டு அதன் மேல் ஒரு மிடறு குடியுங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பின்னால் மறைந்திருந்த பழமும், கொஞ்சம் புகை போன்ற வாசனையும் மெதுவாக மேலே வரும். மறுநாளும் ஒரு கிளாஸ் மிச்சம் வையுங்கள், முதல் நாளை விட அது நன்றாக இருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். குடித்துப் பார்த்துவிட்டு மகனுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள், சந்தோசப்படுவார்.