கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

கேள்வி: திருச்சி உறையூரில் 1,200 சதுர அடி மனையில், 1989-இல் கட்டிய 850 சதுர அடி கான்கிரீட் வீடு 42 லட்சத்துக்கு வருகிறது. பல வருடம் பூட்டிக் கிடந்த வீடு. கூரையில் இரண்டு இடத்தில் கம்பி தெரிகிறது, சுவரில் ஓதம். 8 லட்சம் செலவழித்துப் புதுப்பித்தால் 6 மாதத்தில் 58 லட்சத்துக்கு விற்கலாம், 8 லட்சம் லாபம் என்கிறார் தரகர். மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால் சீக்கிரம் விலைபோகுமாம். இறங்கலாமா?

பதில்: தரகரின் கணக்கில் பத்திரச் செலவே இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 42 லட்சத்துக்கு 3.78 லட்சம். வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு குறித்துள்ள விலை) அதைவிட அதிகம் என்றால் அதற்குத்தான் கட்ட வேண்டும். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு 1 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு லட்சம். மிஞ்சுவது 3.22 லட்சம். பழைய வீட்டில் உடைக்க உடைக்க வேலை கூடும். மதிப்பீட்டுக்கு மேல் 15 சதவீதம் ஒதுக்கினால் 2 லட்சம்தான் நிற்கும். கடன் வாங்கிய பணம் என்றால் வட்டியும் அதிலிருந்துதான் போகும். 24 மாதத்துக்குள் விற்பதால் மீதி லாபத்துக்கு உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும். எனவே 42 லட்சத்துக்கு வேண்டாம்.

விலை பேசுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வாசலில் நின்று தெருவையும் வீட்டுத் தரையையும் ஒப்பிடுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் பல, தெருவுக்கு மேல் தெரு போட்டுப் போட்டு இன்று பள்ளத்தில் நிற்கின்றன. தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் மழைநீர் உள்ளே வரும். எவ்வளவு அழகாக்கினாலும் வருகிறவர் அதைப் பார்த்ததும் பின்வாங்குவார். அப்படி இருந்தால் மனை விலைக்கு மேல் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று கூரை. கம்பி வெளியே தெரியும் இரண்டு இடம் மட்டும் பழுது என்று நினைக்காதீர்கள். சின்னச் சுத்தியலோடு ஏணி போட்டு, அடிக்கு ஒரு தட்டாக எல்லா அறையிலும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பிரிந்திருக்கிறது. துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். அந்த நெருக்கலில்தான் அடிக்காரை பெயர்ந்து விழுகிறது. சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். வட்டங்கள் கூரையில் கால்வாசிக்கு மேல் வந்தாலோ, பீமில் நீளவாக்கில் விரிசல் ஓடினாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இடம் இடமாகத்தான் பழுது என்றால் சரிசெய்யலாம். முதலில் முட்டு கொடுக்க வேண்டும். தொளதொளத்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு இடைவெளி வரவேண்டும். கொத்தனார்கள் கம்பியின் அடிப்பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். மேல்பக்கத்துத் துரு வேலையைத் தொடர்ந்து, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் ஒட்டுப் போட்டது அப்படியே விழும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கம்பியின் கனம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். பிறகு துத்தநாக பிரைமர், ஒட்டுப்பூச்சு. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (ஒட்டுதலுக்காகச் சேர்க்கும் ரப்பர் பால்) கலந்த 1:3 சிமென்ட் கலவையை அரை அங்குல அடுக்குகளாக ஏற்றுங்கள்.

மேலே ஒழுகல் நிற்காவிட்டால் கீழே செய்த வேலை வீண். மொட்டை மாடியில் மேலே பதித்த தட்டோடு பெயர்ந்திருந்தால், அதையும் அடியிலுள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தையும் எடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் நோக்கி வாட்டம் கொடுத்துப் புதிதாகப் போடுங்கள். செலவு மிச்சமென்று பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போடச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். 3 அங்குலத் தளம் 850 சதுர அடிக்குப் பத்து டன்னுக்கு மேல் கனக்கும், அதுவும் கம்பி கரைந்த கூரையின் தலையில்.

ஓதத்தில் அவசரம் கூடாது. குளியலறைச் சுவருக்குப் பின்புறமா, தரையிலிருந்து 3 அடி உயரம் வரையா என்று பாருங்கள். முதலாவது குழாய்க் கசிவு. நஹானி டிராப்பையும் (குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயையும் மாற்றினால் தீரும். இரண்டாவது மண்ணிலிருந்து ஏறுவது. ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை காரையைக் கொத்தி எடுத்து, தரைக்குச் சற்று மேலே 4 அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு நீர்தடுப்பு ரசாயனம் செலுத்த வேண்டும். 9 அங்குலச் சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இதை முதல் வாரமே செய்துவிடுங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே முத்து முத்தாக வேர்த்தால் பட்டி பார்க்கக் கூடாது. ஈரச் சுவரில் போட்ட பட்டி உப்பு பூத்து உதிரும், சரியாக நீங்கள் வீட்டைக் காட்டும் நேரத்தில்.

வயரிங்கை முழுசாக மாற்றுங்கள்: விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர், 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), புது எர்த். வயருக்காகச் சுவரில் காடி வெட்டுவது எல்லாம் பூச்சுக்கு முன்பே முடியட்டும்.

மாடுலர் கிச்சன் வேண்டாம். வாங்குகிறவர் வாஸ்து பார்த்து அடுப்படியையே இடம் மாற்றலாம். கிரானைட் மேடை, சிங்க், மேடைக்கு மேல் 2 அடி டைல்ஸ் போதும். ஃபால்ஸ் சீலிங் நிச்சயமாக வேண்டாம். பழைய வீட்டில் அதைப் பார்க்கிற எவருக்கும், கூரையை மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பழுதுபார்த்த படங்களை வைத்திருந்து காட்டுங்கள், நம்பிக்கை வரும்.

58 லட்சம் கொடுப்பவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வருவார். ஆகவே தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரித்த வரைபடம் நான்கையும் வக்கீலிடம் காட்டிவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள். வரைபடத்தில் இல்லாத அறையை வங்கி மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடலாம்; கட்டடத்தின் மீதி ஆயுளும் கடன் காலத்துக்குப் போதவேண்டும். விற்பனை 50 லட்சத்தைத் தொடுவதால் வாங்குகிறவர் 1 சதவீத டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார். கூரை, வயரிங் போன்ற வேலைகளுக்கு வங்கி மூலமே பணம் கொடுத்துப் பில் வாங்கினால் லாபக் கணக்கில் கழிக்கக் கேட்கலாம்.

சாக்பீஸ் வட்டங்களைப் படமெடுத்து உரிமையாளரிடம் காட்டி 38 லட்சத்துக்குக் கேளுங்கள். அந்த விலைக்குப் பழுதுபார்ப்பில் 80 ஆயிரம் கூடினாலும் வரிக்கு முன் 6.8 லட்சம் நிற்கும். 40 லட்சத்துக்குக்கூட இறங்க மறுத்தால் வேறு வீடு பாருங்கள்.