லென்ஸா, எம்.எஸ்ஸி.யா?

வணக்கம் ஐயா,

நான் தேவகோட்டைப் பக்கம். காரைக்குடியில் பி.எஸ்ஸி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞராக வேண்டும் என்று பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்தே ஆசை. கையில் இருப்பது அண்ணனின் பழைய காமிராவும் அதோடு வந்த சின்ன லென்ஸும்தான். அதில் எடுத்த மீன்கொத்திப் படத்துக்கு இன்ஸ்டாகிராமில் நாலாயிரம் லைக் வந்தது. இப்போது அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), "என்கிட்ட இருக்கிறது ஒரு தொகைதான். அதில் நீ கேட்கிற பெரிய லென்ஸை வாங்கு, இல்லாட்டி எம்.எஸ்ஸி. சேரு. ரெண்டுக்கும் காணாது" என்று சொல்லிவிட்டார்கள். அப்பத்தாவோ, "காக்கா குருவியப் படம் புடிச்சா யாரு காசு குடுப்பா?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கிறார்கள். நீங்கள் எங்கள் பக்கத்துக் கண்மாய்ப் பறவைகளைப் பற்றி எழுதியிருப்பதால் கேட்கிறேன். லென்ஸா, படிப்பா? இதில் பிழைக்க முடியுமா?

பெயரைப் போட வேண்டாம். வீட்டில் திட்டுவார்கள்.

அன்புள்ள மாணவிக்கு,

அப்பத்தா கேட்பதுதான் சரியான கேள்வி. காக்கா குருவியைப் படம் பிடித்தால் அநேகமாக யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். நாலாயிரம் லைக்கைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுத்தால் கால் கிலோ பருப்பு வராது. ஆனால் காக்காயைப் பற்றித் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுக்க இடங்கள் உண்டு. அதனால் எம்.எஸ்ஸி. சேருங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

படிப்பு வேண்டாம் என்பவர்கள் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனை உதாரணம் காட்டுவார்கள். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். படித்தது தாவரவியலும் சட்டமும்; விலங்கியல் அல்ல. உண்மைதான். ஆனால் 1950இல் ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றி எழுதத் தொடங்கியவர், 1996இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் அந்தப் பத்தியை விடவில்லை. படமும் எடுத்தார், கோட்டோவியமும் வரைந்தார், எல்லாவற்றையும் தாங்கி நின்றது எழுத்து. வண்ணப் படம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே நின்ற பிடிவாதக்காரர். அவரைப் போல எல்லாரும் ஆகிவிட முடியாது.

எனக்கு உங்களுக்குக் காட்டத் தோன்றுகிறவர் காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர். சிவகாசியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர், 1976இல் பந்திப்பூர் காட்டுக்குப் போய் இரண்டு வருடம் செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். அப்புறம் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களையே பழக்கிவிட்டார். 2024இல் காலமானார். நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் வகுப்பறையிலிருந்து காட்டுக்கு ஒரு வழி இருக்கிறது என்பதற்கு அவரை விட நல்ல சாட்சி வேண்டாம்.

சரி, படிப்பு படத்துக்கு என்ன செய்யும்? கொள்ளுகுடிப்பட்டிக்குப் போயிருக்கிறீர்களா? நம் மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற சாலையில் இறங்க வேண்டும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்று 1977இல் அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு வெகு முன்பிருந்தே பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுக்கிற செய்தி வருடா வருடம் வரும். அங்கே கருவேல மரங்களில் நத்தை குத்தி நாரை கூடு கட்டும். அதன் அலகை உற்றுப் பாருங்கள். மூடினாலும் நடுவில் மூடாது. அப்பத்தாவின் பாக்குவெட்டி மாதிரி ஒரு இடைவெளி. பாக்குவெட்டி மாதிரிதான் நத்தையையும் நொறுக்கும் என்று நானும் வெகு நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் மரத்தடியில் கிடந்த ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தால் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. கீழ் அலகின் நுனியை நத்தையின் வாய்க்குள் விட்டு, சதையை அறுத்து உருவுகிறது. ஓட்டை அப்படியே போட்டுவிடுகிறது. அந்த இடைவெளி குஞ்சுகளுக்குக் கிடையாது; வளர வளரத்தான் விழும்.

இது தெரிந்தவர் எடுக்கும் படத்தில், அலகு முழுசாக மூடிய நாரை ஒன்று நிற்கும். அதைப் பார்த்ததும் அவருக்கு இது இளசு என்று தெரியும், தேதியோடு குறித்து வைத்துக்கொள்வார். தெரியாதவர் அதே படத்தைப் போட்டு "அழகு" என்று எழுதுவார்.

எனக்கு இதெல்லாம் தெரியாத காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவல் வாங்கிய ஃபிலிம் காமிரா, மாசி மாதம், நடுப்பகல். கண்மாயில் தண்ணீர் வற்றி ஓரமாக நடந்து போக முடிந்தது. போகக்கூடாத இடம் என்று தெரிந்தேதான் போனேன். கூட்டுக்குக் கீழே இருபது அடியில் நின்றதும் தாய்ப்பறவைகள் மொத்தமாகக் கிளம்பிவிட்டன. எனக்குச் சந்தோஷம், ஆகாயம் நிறையச் சிறகு, ஒரு ரோல் முழுக்கத் தீர்த்தேன். கரையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "ஏய் தம்பி, நிக்க ஒனக்கு மரத்தடி கெடக்கு. அந்தக் குஞ்சுக்கு நெழலு அதோட ஆத்தாதேன்!" அப்போதுதான் மேலே பார்த்தேன். இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் வாயைப் பிளந்து கிடந்தன. தாய் இருந்தால் சிறகை விரித்து நிழல் காட்டியிருக்கும். பக்கத்துக் கூட்டில் அதற்குள் இரண்டு காக்காய்கள் இறங்கியிருந்தன. கழுவி வந்த படங்களை நான் யாருக்கும் காட்டவில்லை. பெரிய லென்ஸ் இருந்திருந்தால் கரையிலேயே நின்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்த நேரத்தில் எதற்காக விலக வேண்டும் என்பதை லென்ஸ் சொல்லாது.

படம் என்றால் அழகாக இருக்க வேண்டும் என்ற நினைப்பும் இந்தத் துறைக்குள் போனால் மாறிவிடும். பொறியியல் படித்துவிட்டுக் காட்டுக்கு வந்த உல்லாஸ் கரந்த், கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் தானியங்கிக் காமிராக்களை வைத்துப் புலிகளைக் கணக்கெடுத்தார். பாதையின் இரண்டு பக்கமும் காமிரா எதிரெதிரே இருக்கும். காரணம், ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது; அதே புலிக்கே இடது பக்க வரி வேறு, வலது பக்கம் வேறு. அந்தப் படங்களில் பாதித் தலை வெட்டுப்பட்டிருக்கும், வெளிச்சம் அடித்துப் போயிருக்கும். ஒரு லைக் வராது. ஆனால் புலிக் கணக்கு அதை வைத்துத்தான்.

எங்கே படிப்பது? காட்டுயிர் உயிரியலுக்கென்றே மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது. டேராடூன் இருக்கிறது. பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையம் நடத்தும் படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வு கடினம். கோவை ஆனைகட்டியில் பறவையியலாளர் சலீம் அலி பெயரிலேயே ஒரு பறவையியல் மையம் உண்டு. எம்.எஸ்ஸி. முடித்து தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) வாங்கினால், 2023 நிலவரப்படி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அது கிடைக்காதவர்கள் ஆய்வுத் திட்டப் பணியாளராகக் குறைந்த சம்பளத்தில் கொஞ்ச காலம் ஓட்ட வேண்டியிருக்கும். கல்யாணப் பேச்சு எடுக்கும் வயதில் அட்டைப்பூச்சி கடித்த காலோடு வீட்டுக்கு வருவீர்கள். அதையும் அப்பச்சியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குப் புரியும். அவர்களுடைய ஐயா காலத்தில் பதின்மூன்று பதினாலு வயதில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்கள் யாரும் போன அன்றே மேலாள் (வட்டிக்கடையை நடத்துபவர்) ஆகவில்லை. எடுபிடியான பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, மூன்று மூன்று வருடக் கணக்காகத்தான் ஏறினார்கள். உங்கள் பெட்டியடி வேலை, களக்குறிப்பு நோட்டு எழுதுவது.

அதைத் தொடங்க எம்.எஸ்ஸி. வரை காத்திருக்க வேண்டாம், லென்ஸும் வேண்டாம். உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஏதாவது ஒன்றில் கூகை என்கிற ஆந்தை இருக்கும். வெள்ளை முகம், இதய வடிவம், ராத்திரியில் சீறுகிற மாதிரி கத்தும். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் முடியையும் கட்டைவிரல் பருமனுக்கு உருண்டையாகக் கக்கிப் போடும். வீட்டின் இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேல் அப்படி உருண்டைகள் கிடந்தால், கூகை இல்லாத நேரமாகப் பார்த்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பொறுக்குங்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டை ஓடுகள் வரும். முன்பல் நீளமாக, ஆரஞ்சு நிறமாக, அதற்குப் பின்னால் இடைவெளி இருந்தால் எலி. பல் எல்லாம் வெள்ளையாக, கூராக, நெருக்கி இருந்தால் மூஞ்சூறு. எண்ணுங்கள், தேதி போடுங்கள். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு, அண்ணனின் அந்தப் பழைய காமிராவிலேயே படம் எடுங்கள். ஃபிளாஷ் அடித்துக் கூகையை மட்டும் எடுக்காதீர்கள்.

பூட்டிய வீட்டின் சாவி எந்தப் பங்காளியிடம் இருக்கிறது என்பது அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு வாங்கிக்கொண்டு, துணைக்கு அவர்களையும் கூட்டிப் போங்கள்.