கேள்வி கேளுங்கோ: நடுவில் சாரதி, எஞ்சினைச் சுற்றித் தங்கம்

மக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறைக்குள் தங்கத்தகடு ஒட்டியிருக்காம். இது பணக்காரப் பகட்டுத்தானே?
*வாசகர், கொக்குவில்*

பகட்டென்றால் கண்ணில் படுகிற இடத்தில் அல்லவா ஒட்டியிருப்பார்கள்? பெயரில் எஃப்1 இருந்தாலும் அது பந்தயக் கார் இல்லை, தொண்ணூறுகளில் வீதியில் ஓடச் செய்த கார். அதன் உடல் காபன் பைபர். துணிபோல நெய்த காபன் நாரில் பிசின் ஏற்றி, சூளையில் வேகவைத்து எடுப்பது. பாரமில்லை, வளையாது, ஆனால் அதிலுள்ள பிசினுக்குச் சூடு ஆகாது. பக்கத்திலேயே 12 சிலிண்டர் எஞ்சினும் அதன் புகைக்குழாய்களும் தகிக்கின்றன. வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பத் தங்கத்தைப்போல நல்ல பொருள் குறைவு, தாளாக அடித்தால் நிறையும் இல்லை, அதனால் ஒட்டினார்கள். மொத்தம் 16 கிராம் அளவுதான் என்பார்கள், அதாவது இரண்டு பவுண். எங்கட ஊர்த் தாலிக்கொடிக்கே காணாது!

சாரதி நடுவில் இருக்கிறாராமே, பகிடியா?
*வாசகி, சாவகச்சேரி*

பகிடி இல்லை. ஓட்டோவை நினைத்துப் பாருங்கள்: சாரதி முன்னால் நடுவில், ஆட்கள் பின்னால். இதிலும் அதே கதைதான், என்ன, இரண்டு பேரும் சாரதியின் இடமும் வலமுமாகக் கொஞ்சம் பின்தள்ளி இருப்பார்கள். சாதாரணக் காரில் முன்சில்லுக்கு இடம் விடவேண்டும் என்பதால் பெடல்கள் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், உடம்பு நேரே இருக்கக் கால் மட்டும் கோணலாகப் போகும். நடுவில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும், நிறையும் சமமாக விழும். ஏறி இறங்குவதுதான் பெரும்பாடு. சேலையோடு ஏலாது, வேட்டியோடும் ஏலாது.

இதை வடிவமைத்த கோர்டன் மரே பந்தயக் கார் செய்து பழகிய ஆள். 1988இல் ஃபோர்முலா 1 போட்டியில் மக்லாரன் அணி 16 பந்தயத்தில் 15ஐ வென்றது; தோற்ற அந்த ஒன்று இத்தாலியில் நடந்தது. அது முடிந்து விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில்தான் இந்தக் கார்ப் பேச்சே தொடங்கியதாம். தோற்ற கவலையில் சும்மா இருக்கவில்லை, பாருங்கோ.

டர்போ இல்லாமல் எப்படி அந்த வேகம்?
*வாசகர், பருத்தித்துறை*

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற கருவி. அது மூச்சுப் பிடித்துத் தள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மரேக்கு மிதித்தவுடன் பாயவேண்டும், அதனால் வேண்டாம் என்றார். முதலில் ஹொண்டாவிடம் கேட்டார், சரிவரவில்லை. பிறகு பி.எம்.டபிள்யூவின் பவுல் றோஷ் 6.1 லீற்றர் எஞ்சின் செய்து கொடுத்தார், 627 குதிரைவலு. ஆனால் என்னைக் கேட்டால், எஞ்சினைவிட நிறைதான் ரகசியம். முழுக்காரும் 1140 கிலோ அளவுதான். பாரம் கூடும் என்று பவர் ஸ்டியரிங் இல்லை, பிறேக் பிடிக்கையில் சில்லு இறுகாமல் காக்கிற ஏபிஎஸ் இல்லை, பிறேக் மிதிக்க உதவுகிற சேர்வோகூட இல்லை. மிதிக்கிற காலில் பலம் இருக்கவேண்டும். சிடி பிளேயர் இருந்தது, ஆனால் வானொலி இல்லை! 1998இல் ஜேர்மனியில் பந்தயச் சாரதி ஆண்டி வலஸ் இதை மணிக்கு 386 கிலோமீற்றரில் ஓட்டினார். செய்தது மொத்தம் 106தான்.

எங்கட ஊரில் ஓடுமா? மண்ணெண்ணெயில்?
*வாசகர், நல்லூர்*

நக்கல் விளங்குது! ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இந்தக் கார்கள் இங்கிலாந்தில் ஒவ்வொன்றாகக் கையால் பூட்டப்பட்ட அதே தொண்ணூறுகளில் நாங்கள் இங்கே யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓடினோம். அயல்வீட்டு ஒஸ்ரின் ஏ40 இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது: பொனற்றைத் திறந்து, சின்னப் போத்தலில் இருந்து, எரிபொருளைக் காற்றோடு கலக்கிற காபுரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோல் பீச்சி, ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. அது ஓடியதற்குக் காரணம் அந்தக் காலத்து எஞ்சினில் அமுக்கம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் நசுக்கப்படுகிற அளவு, குறைவு. எஃப்1இன் அமுக்கம் 11க்கு 1. அந்தச் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னமே வெடித்துத் தட்டத் தொடங்கிவிடும், பிஸ்டன் போய்விடும். பீச்சுவதற்குக் காபுரேற்றரும் இல்லை. ஆகவே அந்த ஒரு விஷயத்தில் ஏ40தான் வென்றது.