மீன் தூளும் புண்ணாக்கும்: கேள்வி பதில்

மீஞ்சூர் வாசகர்: குளத்தில் ரோகுவும் கட்லாவும் விட்டிருக்கிறேன். மீன் தூளை நிறுத்திவிட்டுச் சோயாப் புண்ணாக்கு போடலாமா, ஐயா?

பெருமளவு குறைக்கலாம். மீனுக்கு வேண்டியது மீன் தூள் அன்று, அதிலுள்ள அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கட்டியெழுப்பும் துணுக்குகள். மூட்டையில் அச்சிட்டிருக்கும் புரத அளவு நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிய எண் என்பதால், யூரியா கலந்தாலும் அது உயரும். அதை மட்டும் நம்பாதீர்கள். சோயாவில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு, ஆகவே தனியாகச் சேர்க்க வேண்டும். அதிலுள்ள பாஸ்பரஸும் பெரும்பாலும் மீனால் செரிக்க முடியாத பைட்டேட் என்னும் சேர்மமாகக் கட்டுண்டிருக்கும். இம்மீன்களுக்கு இரைப்பை கிடையாது. ஆகவே பாஸ்பரஸுக்காகச் சேர்ப்பதில், அமிலம் சுரக்காத குடலுக்கு எளிதில் கரையும் மோனோகால்சியம் பாஸ்பேட் என்னும் உப்பு ஏற்றது.

கொளத்தூர் வாசகர்: வண்ண மீன்களுக்குச் சோயாவைப் பச்சையாக அரைத்துப் போடலாமா?

கூடாது. அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான், டிரிப்சின் என்னும் செரிமான நொதியை முடக்கிப் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும், வேகவைத்துப் போடுங்கள்.

செங்குன்றம் வாசகர்: செக்கில் கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஒரு கட்டியை உடைத்து உட்புறத்தைப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சைப் பூசணமோ மக்கிய வாடையோ இருந்தால் வாங்காதீர்கள். அந்தப் பூசணம் விடும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு மீனின் ஈரலை அழிக்கும். கண்ணுக்குப் பூசணம் தெரியாதபோதும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், மொத்தமாக வாங்குவோர் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

காசிமேடு வாசகர்: கொடுவா, பிற மீன்களைத் தின்று வளரும் மீன். துறைமுகத்தில் கழிவு மீன் குவிந்து கிடக்கும்போது, அதற்குப் புண்ணாக்கைப் புகட்டுவது இயற்கைக்கு மாறானதல்லவா?

அதைக் கழிவு என்று சொல்வதையே நான் ஏற்கவில்லை. அந்தக் குவியலைக் கிளறினால் வளர்ந்திருக்க வேண்டிய வாளை, சங்கராக் குஞ்சுகள் கிடக்கும். ஒரு கிலோ மீன் தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை மீன் போகிறது. பச்சையாகவே போட்டாலும் தொல்லைதான்: நெத்திலி போன்றவற்றிலுள்ள தயமினேஸ் என்னும் நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும்.

பொன்னேரி வாசகர்: காசிமேட்டு நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. மீன் தூளைக் குறைத்ததும் என் கொடுவாக்கள் தீவனத்தைக் கவ்வித் துப்பிவிட்டன.

இதை மறுக்க மாட்டேன். கொடுவா வாசனைக்குப் பழகிய மீன். ஒரேயடியாக மாற்றினால் பட்டினி கிடக்கும். தாவரப் புரதத்தில் டாரின் என்ற சத்தும் இல்லாததால், கொடுவாவுக்கு மீன் தூளை அறவே நிறுத்தச் சொல்லவில்லை. படிப்படியாகக் குறையுங்கள், சிறிது கணவாய்த் தூள் கலந்து ருசி காட்டுங்கள், மீன் எண்ணெயை நிறுத்தாதீர்கள். மீன் வெட்டுமிடத்தில் கழிக்கும் தலையையும் முள்ளையும் வேகவைத்துத் தூளாக்கினால், காசிமேட்டாரின் விருப்பமும் நிறைவேறும், குஞ்சுகளும் பிழைக்கும்.

மணலி வாசகர்: பூசணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் உலர்த்தினால் போதாதா?

போதாது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

எண்ணூர் வாசகர்: பூசணம் லேசாகத்தான் இருக்கிறது, சுரண்டிவிட்டுப் போடலாமா?

இதே கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது. போடக் கூடாது. வீணாகிறதே என்று மாட்டுக்கும் வைக்காதீர்கள். நஞ்சு பாலில் இறங்கும்.