"சிஸ்டம் எடுக்கலம்மா"

கேள்வி: செயற்கை நுண்ணறிவை ஒரு நாடு எப்படிச் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்த வேண்டும்? இந்தியாவுக்கும் ஐரோப்பா மாதிரி ஒரு சட்டம் தேவையா?

நான் வக்கீல் இல்லை. ஒரு சின்ன டவுனில் இ-சேவை மையம் நடத்துகிறேன். கம்ப்யூட்டர் ஒருவருக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அவர் அடுத்ததாக வந்து உட்காருவது என் கடை பெஞ்சில்தான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

போன வருஷம் ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா வந்தார். ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார், நிராகரித்துவிட்டதாக எஸ்எம்எஸ். உள்ளே போய்ப் பார்த்தேன். காரணம் ஒரே வரி: "நான்கு சக்கர வாகனம் உள்ளது." படித்துச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு காலு வச்சது ரெண்டு ஆடு இருக்குப்பா. சக்கரம் வச்சது எதுவும் இல்லையே."

எந்த வண்டி, என்ன நம்பர், யார் பேரில் என்று திரையில் எதுவுமே இல்லை. மேல்முறையீட்டுப் பக்கமோ, வாகனம் இல்லை என்பதற்கு ஆவணம் கேட்டது. இல்லாத காருக்கு எந்த ஆபீசில் போய்ச் சான்றிதழ் வாங்குவது? சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தார். கிடைத்த பதில்: "சிஸ்டம் எடுக்கலம்மா, நாங்க என்ன பண்றது?"

என்னைக் கேட்டால், ஏஐ சட்டத்தின் முதல் வேலை இந்தப் பதிலைச் செல்லாததாக்குவதுதான். மனிதகுலத்தை ரோபோ அழிக்குமா என்பதெல்லாம் அப்புறம்.

இது நம்மூர்க் கோளாறு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' (ரோபோ சுமத்திய கடன்) என்று பெயர் வாங்கிய திட்டம் ஒன்று 2016இல் முழுவீச்சில் ஓடியது. வேலை இல்லாத காலத்தில் அரசு உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடம் எடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 26 பங்காகச் சமமாகப் பிரித்தார்கள். ஒருவர் ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாதம் சும்மா இருந்து உதவித்தொகை வாங்கியிருப்பார். சராசரிக் கணக்குப்படி அவர் வருஷம் முழுக்கச் சம்பாதித்தவர்! உடனே, "அதிகமாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு" என்று கடிதம். தப்பு என்றால், பல வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்து அவரே நிரூபிக்க வேண்டும். நாலு லட்சம் பேருக்கு மேல் மாட்டினார்கள். 2019இல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது அரசால் அந்தக் கணக்கை நியாயப்படுத்த முடியவில்லை. இதை விசாரிக்க அமைத்த ராயல் கமிஷனின் (உயர்நிலை விசாரணை ஆணையம்) அறிக்கை 2023இல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ரோபோடெட்டில் ஏஐ என்று எதுவும் இல்லை. அஞ்சாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. கொடுமை அந்தக் கணக்கில்கூட இல்லை. நிரூபிக்கிற பாரத்தை அரசிடமிருந்து எடுத்துக் குடிமகன் தலையில் வைத்ததில் இருந்தது. அக்காவின் காருக்கும் அதே கதைதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் நடத்தைக்கு மார்க் போட்டு அதை வைத்து அவரை மோசமாக நடத்துவது, வேலை செய்யும் இடத்திலும் பள்ளியிலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிப்பது போன்றவற்றுக்கு 2025 பிப்ரவரி முதல் தடை (மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு விலக்கு உண்டு). அதை மீறினால் மூன்றரைக் கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 7 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். கடன், வேலை, அரசு உதவி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் மென்பொருள்கள் 'அதிக ஆபத்து' வகையில் வருகின்றன. அப்படி ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் விளக்கம் கேட்கலாம் என்கிறது 86ஆவது பிரிவு. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு அதுதான்.

பிடிக்காததும் ஒன்று உண்டு. மனிதர்கள் மட்டுமே வகுத்த விதிகளை அப்படியே ஓட்டும் மென்பொருள் ஏஐ கணக்கில் வராது என்று அதன் முன்னுரை சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ரோபோடெட் அந்தச் சட்டத்துக்குள்ளேயே மாட்டாது. அதனால் நாம் அதை அப்படியே காப்பி அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நியூரல் நெட்வொர்க் (தானே கற்றுக்கொள்ளும் ஏஐ) ஓடுகிறதா, எக்செல் ஃபார்முலா ஓடுகிறதா என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன கவலை? அவர் ரேஷன் கார்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

ரேஷன் கார்டு என்று சும்மா சொல்லவில்லை. தெலங்கானாவில் பல துறைத் தகவல்களை ஒன்றாகக் கோத்துப் பார்க்கும் 'சமக்ர வேதிகா' என்ற கம்ப்யூட்டர் அமைப்பு இருக்கிறது. அந்த மாநிலத்தில் கம்ப்யூட்டரை நம்பி லட்சக்கணக்கில் கார்டுகளை நீக்கிய விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் நேரில் போய்ச் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. நீக்குவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய சரிபார்ப்பு அது.

சரி, இந்தியாவில் இப்போது என்ன இருக்கிறது? ஏஐக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. 2024 மார்ச்சில், சரியாகச் சோதிக்கப்படாத ஏஐ மாடல்களை வெளியிட முன் அனுமதி வேண்டும் என்று மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கம்பெனிகளுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. கூச்சல் கிளம்பியதும் இரண்டே வாரத்தில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லதுதான். லைசென்ஸ் முறை வந்தால் பெரிய கம்பெனிக்கு அதைக் கவனிக்க ஒரு டிபார்ட்மென்டே இருக்கும். கோயம்புத்தூரில் நாலு பேர் சேர்ந்து நடத்துகிற கம்பெனிக்கு யார் இருக்கிறார்கள்? 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஏஐ வழிகாட்டு நெறிகளும் இப்போதைக்குப் புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களே போதும் என்ற போக்கில்தான் இருக்கின்றன.

இருக்கிற சட்டங்கள் உண்மையிலேயே மோசமில்லை. தகவல் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(டி) எடுத்துப் பாருங்கள்: நிர்வாக முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டியது அரசு அலுவலகத்தின் கடமை. கம்ப்யூட்டர் எடுத்த முடிவுக்கு விலக்கு என்று எங்கேயும் எழுதவில்லை. 2023இன் தனிநபர் தரவுச் சட்டத்திலும், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தகவல் சரியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று உண்டு. ஆனால் மென்பொருள் எடுத்த முடிவுக்குக் காரணம் கேட்கும் உரிமை அதில் இல்லை. அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஓட்டை அங்கேதான்.

ஆகவே எனக்கு ஐரோப்பா மாதிரி பெரிய புத்தகம் வேண்டாம். நாலு பக்கத்தில் ஒரு சட்டம் போதும். மென்பொருளை வைத்து ஒருவருக்கு உதவியோ கடனோ வேலையோ மறுத்தால், எந்தத் தகவலை வைத்து மறுத்தோம் என்பதை அவர் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும். "வாகனம் உள்ளது" என்றால் வண்டி நம்பரோடு. அந்தத் தகவல் சரி என்று நிரூபிக்க வேண்டியது மறுத்தவர். முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஒரு அதிகாரியின் பெயர் கடிதத்தில் இருக்க வேண்டும். சும்மா டோல்ஃப்ரீ நம்பர் கொடுத்தால் ஆகாது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பதை நிறுத்துவதாக இருந்தால், விசாரித்து முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது. இது அரசுக்கும் பொருந்த வேண்டும், விலக்கு இல்லாமல்.

டீப்ஃபேக் (ஏஐ செய்யும் போலி வீடியோ), தேர்தல் வீடியோ, காப்புரிமை எல்லாம் தனித்தனி விஷயங்கள். எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் அடைத்தால் அது நகராது.

அந்த அக்காவுக்கு ஐந்தாவது மாதம் பணம் வந்துவிட்டது. ஏன் மறுத்தார்கள் என்று சொல்லவில்லை, எப்படிச் சரியானது என்றும் சொல்லவில்லை. போன வாரம் பேத்தியின் வருமானச் சான்றுக்கு வந்திருந்தார். "அந்தக் கார் இப்ப யார்கிட்டப்பா இருக்கு?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது.