கெந்திங் இறக்கத்தில் பெடல் ஏன் உள்ளே போனது?

கேள்வி: 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின், கையில் வைத்திருக்கிறேன். போன மாதம் கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டதும் பழையபடி பிடித்தது. நான்கு பிஸ்டன் கேலிப்பர் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது), ஓட்டை போட்ட பெரிய டிஸ்க், அதற்கேற்ற 17 இன்ச் ரிம், எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் வெள்ளி என்கிறார்கள். போடலாமா அண்ணே?
- செந்தூல் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. என்ன கோளாறு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், கடைக்காரர்தான் அதைக் காதில் வாங்கவில்லை. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து, எவ்வளவு மிதித்தாலும் காடி நிற்காமல் போனால், டிஸ்க்கில் உரசுகிற பேட் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். பெடல் பஞ்சாகி உள்ளே போய், ஆறிய பிறகு திரும்பி வந்தால் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், நீங்கள் மிதிப்பது டிஸ்க்குக்குப் போய்ச் சேராது.

இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நம் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 4 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் விதி. நான் ஒரு பழைய காடி வாங்கிய புதிதில், பின் சக்கரத்தில் எண்ணெயை வடிக்கிற ப்ளீடர் நட்டைத் திறந்து குழாய் மாட்டினால், வந்தது எண்ணெயா கோப்பி-ஓவா என்று போமனுக்கே (மெக்கானிக்) சந்தேகம். அடியில் கறுப்பாக மண்டி வேறு. உங்களுடையதை எப்போது கடைசியாக மாற்றினீர்கள்? ஞாபகம் இல்லையென்றால் அதுதான் பதில்.

முதலில் எண்ணெயை முழுசாக மாற்றுங்கள், அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. ரப்பர் ஹோஸ் 30 வருஷப் பழசு என்றால் அதையும் தூக்கிப் போடுங்கள். வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே ஊதிப்போய்த் துவாரம் அடைபட்டிருக்கும், காலை எடுத்தாலும் பிரேக் விடாது. கேலிப்பர் வழுக்கி நகர்கிற ஸ்லைட் பின் (கம்பி) துருப்பிடித்திருந்தாலும் இதே கதைதான், பேட் உரசிக்கொண்டே வந்து எல்லாவற்றையும் சூடாக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் கை அரிக்கிறது என்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. பிறகு வந்த 1.8 மாடலில் முன் டிஸ்க் 255 மில்லிமீட்டர், உங்களுடையது 235. முன் கேலிப்பரை அப்படியே வைத்துக்கொண்டு 1.8-இன் பிராக்கெட் (கேலிப்பரைத் தாங்குவது), டிஸ்க், பேட் மட்டும் போட்டால் போதும். பின்பக்கமும் அதே மாதிரி மாற்றினால்தான் முன்னுக்கும் பின்னுக்கும் கணக்கு சரியாக வரும். வெட்டி எடுத்த பழைய ஜப்பான் காடிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று கேட்டுப் பாருங்கள், ஜப்பானில் இதற்கு அந்தப் பெயர்தான். 14 இன்ச் ரிம்மிலேயே அடங்கும்.

அந்த ஒன்பதாயிரம் வெள்ளி சமாசாரத்தில் முன்பக்கம் மட்டும் பெரிதானால் பின்பக்கம் சும்மா வரும், பிஸ்டன் பெரிதானால் பெடலும் ஆழமாகப் போகும். டிஸ்க்கில் ஓட்டை பார்க்க அழகு, விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். இப்போதுள்ள பிரேக்கே சக்கரத்தைப் பூட்டுகிறது என்றால், காடி எங்கே நிற்கும் என்பதை டயர்தான் முடிவு செய்கிறது. டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும் பாருங்கள், 2315 என்றால் 2015-இன் 23-ஆவது வாரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற காடிகளில் டயர் தேயாது, கெட்டிப்பட்டுக் கிடக்கும். காசு இருந்தால் அங்கே போடுங்கள்.

ஆமாம், இறங்கும்போது எந்த கியரில் வந்தீர்கள்? கீழ் கியரில் வந்தால் இன்ஜினே காடியைப் பிடிக்குமே. அதை மட்டும் எழுதவில்லையே.

கேள்வி: டாட் 5 என்பது டாட் 4-ஐவிட ஒரு படி மேல்தானே, ஊற்றலாமா?
- பினாங்கு, ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: ஊற்றாதீர்கள். டாட் 5 சிலிகான், மற்றதோடு சேராது. உள்ளே புகுந்த தண்ணீர் அதில் கரையாமல் பள்ளத்தில் தங்கித் துருவாக்கும். உங்களுக்கு வேண்டியது 5.1, அது டாட் 4-இன் சாதிதான். ஊற்றும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்டில் சிந்தினால் உரித்துவிடும். மிச்சம் வைத்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு என்று அலமாரியில் ஏற்றிவிடாதீர்கள்.